வூஃபர் போட்ட பிறகு ஸ்பீக்கர்ல இன்ஜின் சத்தம் – ஃபில்டர் வாங்கலாமா?

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல். போன மாசம் ஆண்ட்ராய்டு பிளேயர், 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), டிக்கியில 12 இஞ்ச் வூஃபர் எல்லாம் போட்டேன். பெட்டி போர்ட் (காத்து போற துளை) வச்சது. ஆம்ப்ல முன் சேனல் ரெண்டும் கதவு ஸ்பீக்கருக்கு, பின் சேனல் ரெண்டையும் பிரிட்ஜ் பண்ணி (ஒண்ணா சேத்து) வூஃபருக்குப் போகுது.

இப்ப மூணு தொல்லை. ஒண்ணு, இன்ஜின் ஓடும்போது "உய்ய்ங்"னு ஒரு சத்தம். ஆக்சிலேட்டர் அமுக்கினா சத்தமும் கூடவே மேல ஏறுது. பாட்டு நிறுத்தினாலும் போகல. ரெண்டாவது, சாவி போடும்போதும் எடுக்கும்போதும் வூஃபர்ல "டப்"னு ஒரு குத்து. மூணாவது, சில பாட்டுல மட்டும் பின்னாடி "கர்ர்ர்"னு உறுமுது.

போட்டுக் கொடுத்த கடையில கேட்டா, நாய்ஸ் ஃபில்டர் ஒண்ணு, கெபாசிட்டர் ஒண்ணு போட்டா எல்லாம் போயிடும்ங்கிறாங்க. ரெண்டுக்கும் நல்ல தொகை கேக்கிறாங்க. போடலாமா?

பேஸ் பாண்டி
தலைவா, இதுக்கெல்லாம் ரொம்ப யோசிக்காதீங்க. ஆர்சிஏ ஒயர்ல (பிளேயர்லேர்ந்து ஆம்ப்புக்குப் பாட்டு போற ஒயர்) மாட்டுற கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல கிடைக்கும். நான் மாட்டினேன், உய்ங் செத்துப் போச்சு. கெபாசிட்டர் மட்டும் வேண்டாம், அது அழகுக்கு.

நெகட்டிவ் முனை
எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. அந்த "உய்ங்" எந்த ஸ்பீக்கரிலிருந்து வருகிறது? காதை வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது, பேச்சில் டைனமோ) சத்தம் வூஃபரில் கேட்க வேண்டிய சத்தமே இல்லை. சாதாரணமாக கார் ஆல்டர்னேட்டர் 12 துருவம், மூன்று ஃபேஸ். டையோடுகள் ஏசியை டிசியாக மாற்றிய பிறகு ஒரு சுற்றுக்கு 36 துடிப்பு வெளியே வரும். ஐடிலில் இன்ஜின் 800 ஆர்பிஎம், புல்லி அதை இரண்டரை மடங்காக்குகிறது என்று வைத்தால், ஆல்டர்னேட்டர் 2000 ஆர்பிஎம். நொடிக்கு 33 சுற்று. 36-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1200 ஹெர்ட்ஸ். இன்ஜின் 2000-ஐத் தொடும்போது 3000 ஹெர்ட்ஸ். வூஃபர் சேனலில் எல்பிஎஃப் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் இருந்தால் இதெல்லாம் வெளியே வரவே கூடாது. வருகிறது என்றால் ஃபில்டர் ஆஃப் ஆகி இருக்கிறது, இல்லையென்றால் சத்தம் ஃபில்டருக்குப் பின்னால் நுழைகிறது.

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
அண்ணே, வச்சுக் கேட்டேன். வூஃபர்லயும் வருது, கதவுலயும் வருது. ஆம்ப்பைப் பாத்தா பின் சேனல் ஸ்விட்ச் "ஃபுல்"ல இருந்துச்சு. எல்பிஎஃப்ல தள்ளி 80-க்குத் திருப்பினேன். வூஃபர் கப்சிப். வூஃபர்ல பாடகர் குரல் வேற மொழுமொழுன்னு வந்துகிட்டிருந்துச்சு, அதுவும் நின்னுருச்சு. ஆனா கதவு ஸ்பீக்கர்ல உய்ங் அப்படியே இருக்கு.

பேஸ் பாண்டி
பாதி முடிஞ்சுது. மிச்சத்துக்குத்தான் ஐசோலேட்டர்.

நெகட்டிவ் முனை
பாதி முடியவில்லை, பாதி மறைந்திருக்கிறது. வூஃபர் சேனலுக்குள்ளும் அதே சத்தம் இன்னும் நுழைந்துகொண்டுதான் இருக்கும். ஃபில்டர் வெளியே விடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வேலை, பாதையை ஒவ்வொரு இடமாக வெட்டிப் பார்ப்பது. ஒரு பழைய ஆர்சிஏ பின் எடுத்து, நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஈயம் வைத்துவிடுங்கள். இரண்டு செய்யுங்கள். சாவியை அணைத்துவிட்டு, ஆம்ப்பில் முன் சேனல் ஆர்சிஏக்களைக் கழற்றி இந்த ஊமைப் பின்களைச் செருகுங்கள். பிறகு இன்ஜினைப் போடுங்கள். உய்ங் வந்தால் குற்றம் ஆம்ப்பில், அல்லது அதற்கு வரும் பவரில். வராவிட்டால் குற்றம் அதற்கு முன்னால்.

அடுத்து 3.5 எம்எம்-லிருந்து ஆர்சிஏ வரும் ஒயரில் உங்கள் போனை நேராக ஆம்ப்புக்குக் கொடுங்கள். போன் சார்ஜில் இருக்கக் கூடாது. கேளுங்கள். அதன் பிறகு போனைக் கார் சார்ஜரில் செருகிவிட்டுக் கேளுங்கள்.

ஆம்ப் ஓடும்போது மட்டும் ஆர்சிஏவை உருவாதீர்கள், செருகாதீர்கள்.

சென்னை பழைய கார்
பவர் ஒயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கமா போகுதா பாருங்க பாஸ். ஜி.பி. ரோட்ல (சென்னையில கார் சாமான் கடைத் தெரு) நான் செட் போட்ட காலத்துலயே சொல்லுவாங்க, பவர் இடது பக்கம், ஆர்சிஏ வலது பக்கம்னு. ஒண்ணை ஒண்ணு தாண்டணும்னா நேர் குறுக்கா தாண்டணும்.

நெகட்டிவ் முனை
நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் முதல் குற்றவாளி அது இல்லை. உள் அலங்காரத்தைக் கழற்றாமலே சோதிக்கலாம்: வேறொரு ஆர்சிஏ ஒயரை சீட் மேலேயே போட்டு பிளேயரிலிருந்து ஆம்ப் வரை இழுத்துப் பாருங்கள். சத்தம் மாறவில்லை என்றால் கார்ப்பெட்டைப் பிரிக்க வேண்டாம்.

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
எல்லாம் செஞ்சு பாத்தேன்.

ஊமைப் பின் போட்டா: அமைதி. துளி சத்தம் இல்ல.
போன், சார்ஜ் இல்லாம: அமைதி. பாட்டு மட்டும் சுத்தமா வருது.
போன், சார்ஜர்ல செருகினதும்: உய்ய்ங்! எடுத்தா போகுது, செருகினா வருது.
வேற ஆர்சிஏ சீட் மேல போட்டு இழுத்தது: எந்த மாற்றமும் இல்ல.

இன்னொண்ணு. டைனமோ டையோடு போயிருக்குமோன்னு ஒரு வீடியோ பாத்து, மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு பேட்டரியில அளந்தேன். 28 காட்டுது! அரை வோல்ட்டுக்கு மேல வந்தாலே டைனமோ காலின்னு அதுல சொன்னாங்க. பயமா இருக்கு.

தாமிரபரணி
தம்பி, பயப்படாதீங்க. கையில இருக்கறது அந்த மஞ்சள் மீட்டர்தானே? அதுல ஏசிக்கு 200, 750-ன்னு ரெண்டே ரேஞ்ச் இருக்கும். பேட்டரியோட டிசியையே பாதியா வாங்கி ரெண்டு மடங்கா காட்டும். பின்னை மாத்திப் பிடிங்க, சைபர் வரும். அந்த மீட்டரை வச்சு டைனமோ ரிப்பிள் (டிசியோட கலந்து வர்ற ஏசி) பாக்க முடியாது. பாளையங்கோட்டையில ஒயரிங் வேலைதான் பாக்கேன், இந்த 28-ஐப் பாத்துட்டு நல்ல டைனமோவைக் கழட்டிட்டு வந்தவங்க இருக்காங்க.

உங்க டைனமோவைச் சந்தேகப்பட இப்ப காரணம் இல்ல. இன்ஜின் ஓடுது, போன் சார்ஜ் இல்லாம மாட்டினா சத்தமே இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. 

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
அக்கா, நிஜமாவே மாத்திப் பிடிச்சா 0! உயிர் வந்துச்சு.

நெகட்டிவ் முனை
அக்கா சொன்னது சரி. சார்ஜர் சோதனைதான் இந்த வண்டியின் கதையைச் சொல்கிறது.

பேட்டரியில் ஓடும் போன் வண்டி பாடியோடு எந்த வகையிலும் சேரவில்லை. சார்ஜரில் செருகியதும் அதன் எர்த், வண்டியின் முன்பக்க எர்த்தோடு சேர்கிறது. ஆம்ப்பின் எர்த் டிக்கியில். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் ஒன்றும் நடக்காது. இடையில் வோல்ட் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம் ஆர்சிஏ ஒயரின் வெளிச்சுற்று வழியாக ஓடும். ஆம்ப்புக்கு அதுவும் பாட்டுதான், பெருக்கி அனுப்பிவிடும். பிளேயரும் அதே முன்பக்க எர்த்தில்தான் இருக்கிறது.

ஆக, ஆம்ப்பின் எர்த் எங்கே, எப்படி மாட்டியிருக்கிறது?

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
பின் சீட் பெல்ட் போல்ட்லதான் மாட்டியிருக்காங்க. மீட்டரை ஓம்ல வச்சு ஆம்ப் எர்த்துக்கும் பாடிக்கும் பாத்தேன், 0.3 ஓம். அரை ஓமுக்குக் கீழ இருந்தா போதும்னு படிச்சேன். நல்லாத்தானே இருக்கு?

தாமிரபரணி
மீட்டரோட ரெண்டு பின்னையும் ஒண்ணோடொண்ணு தொட வச்சுப் பாருங்க. அப்பவும் 0.3 காட்டும். நீங்க அளந்தது உங்க மீட்டர் ஒயரை.

ஆம்ப் எர்த்துக்கு ஓம் பாக்கறதுல பிரயோசனம் இல்ல. ஆம்ப் 40 ஆம்பியர் இழுக்குன்னு வைங்க. எர்த்துல 0.02 ஓம் இருந்தாலே 0.8 வோல்ட் அங்க நிக்கும். அந்த 0.02-ஐ இந்த மீட்டர் ஜென்மத்துக்கும் காட்டாது. டிசி வோல்ட்ல வைங்க. கருப்புப் பின்னுக்கு நீளமா ஒரு ஒயர் கட்டி பேட்டரி மைனஸ்ல மாட்டுங்க, ஃபேன் பெல்ட் பக்கம் போகாம பாத்துக்கோங்க. சிவப்பை ஆம்ப்போட எர்த் திருகுல வைங்க. இன்ஜினைப் போட்டு, பாட்டு வேண்டாம், 50 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை விடாம ஓட விடுங்க, அப்பத்தான் எண் ஆடாம ஒரு இடத்துல நிக்கும். 0.1-க்குள்ள இருந்தா எர்த் நல்ல எர்த்.

அப்புறம் சீட் பெல்ட் போல்ட்ல எர்த் மாட்டுனது யாரா இருந்தாலும் அது தப்பு. அந்த போல்ட்டைக் குறிப்பிட்ட இறுக்கத்துல முறுக்கியிருப்பாங்க. நடுவுல லக்கை (ஒயர் நுனியில மாட்டுற வளையம்) செருகினா விபத்துல பெல்ட் பிடிக்குமான்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பாட்டை விட்டுத் தள்ளுங்க, அதை முதல்ல கழட்டுங்க. பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் இருக்கா?

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
அளந்தேன்: 0.85 வோல்ட்.
ஃபியூஸ் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கு.

தாமிரபரணி
சீட்டுக்கு அடியில ஃபியூஸ் இருந்தா, பேட்டரியிலேர்ந்து சீட் வரைக்கும் வர்ற ஒயருக்குக் காவலே இல்ல. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுத் தகடு) ஓட்டைத் தகடு ஒயரை அறுத்துத் தொட்டுச்சுன்னா பேட்டரி முழுசும் அந்த இடத்துல கொட்டும். ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்தத்தான், ஆம்ப்பைக் காப்பாத்த இல்ல. பேட்டரியிலேர்ந்து 45 செ.மீ.க்குள்ள வரணும். ஃபயர்வால் ஓட்டையில ரப்பர் கிராமெட் இருக்கான்னும் பாருங்க. இன்னைக்கே மாத்துங்க. அது வரைக்கும் பேட்டரியில அந்த ஒயரைக் கழட்டி வைங்க.

எர்த்துக்கு: டிக்கியில ஸ்டெப்னி பக்கம் பாடியோட வெல்டான தடிமனான தகடா பாத்து ஒரு இடம் எடுங்க. பின் சீட்டுக்கு அடியில டீசல் டேங்க், அந்தப் பக்கம் டிரில் கொண்டு போகவே கூடாது. எந்த இடமா இருந்தாலும் கீழ குனிஞ்சு பாத்துட்டுத்தான் ஓட்டை. பெயிண்டை உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியற வரைக்கும் தேய்ங்க. லக்கை நல்ல கிரிம்பிங் டூல்ல அமுக்கி, பல்லு வச்ச வாஷர் போட்டு முறுக்குங்க. மேல கிரீஸோ பெயிண்டோ அடிச்சு மூடிடுங்க, இல்லன்னா ரெண்டு மழையில துருப் பிடிச்சு மறுபடியும் இதே கதை. எர்த் ஒயர் பவர் ஒயர் அளவுக்கே தடியா, முடிஞ்ச அளவு குட்டையா இருக்கணும்.

ஒயரோட நுனியைக் கத்தியில சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா?

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
வெளிய செம்பு கலர், சுரண்டினா வெள்ளை.

தாமிரபரணி
செம்பு பூசின அலுமினியம். மார்க்கெட்ல கிட் கிட்டா விக்கிறது பெரும்பாலும் அதுதான். அலுமினியம் கடத்துறது செம்புல 60 சதம் சொச்சம்தான். எர்த் குட்டை ஒயர்ங்கிறதால அதை மட்டுமாவது சுத்தச் செம்புல போடுங்க, பெருசா செலவாகாது. பவர் ஒயரை அப்புறம் பாத்துக்கலாம், இல்லன்னா ஒரு சைஸ் கூட்டிப் போடுங்க.

பேஸ் பாண்டி
இவ்வளவு வேலையா? நான் ஐசோலேட்டர் மாட்டி நாலு போல்ட்டையும் தொடாம நிம்மதியா இருக்கேன். சிரிப்பா இருக்கு.

நெகட்டிவ் முனை
பாண்டி, உங்கள் ஐசோலேட்டர் உள்ளே இருப்பது பட்டாணி அளவு டிரான்ஸ்ஃபார்மர். கோர் சின்னதாக இருந்தால் தாழ்ந்த ஃப்ரீக்வன்சியில் சாச்சுரேட் ஆகும். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் மெலியும், சிதையும். கதவு ஸ்பீக்கர் சேனலில் மாட்டினால் பெரிய நஷ்டம் தெரியாது. வூஃபர் சேனலில் மாட்டினால், 12 இஞ்ச் வூஃபர் வாங்கியதற்கு அர்த்தமே இல்லை. மேலும் அந்த 0.85 வோல்ட் அங்கேயேதான் இருக்கும்.

பேஸ் பாண்டி
என் காதுக்கு மெலியல. உங்க மீட்டருக்கு மெலிஞ்சிருக்கும்.

நெகட்டிவ் முனை
30, 40, 50, 60 ஹெர்ட்ஸ் டோன்களை ஐசோலேட்டரோடும் இல்லாமலும் ஓட விட்டுக் கேளுங்கள். பிறகு பேசலாம்.

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
ஃபியூஸ் பேட்டரி பக்கத்துக்கு வந்தாச்சு. எர்த் புது இடத்துல, செம்பு ஒயர், பல்லு வாஷர். சீட் பெல்ட் போல்ட்டை சர்வீஸ் சென்டர்ல சரியான இறுக்கத்துல முறுக்கச் சொன்னேன். இப்ப அளந்தா 0.06 வோல்ட்!

போனைச் சார்ஜர்ல போட்டாலும் உய்ங் கிட்டத்தட்ட இல்ல. ஆனா பிளேயரை மாட்டினா இன்னும் வருது. முன்னைவிடக் கொஞ்சம் கம்மி, ஆனா வருது. இப்ப என்ன?

நெகட்டிவ் முனை
இப்போது சந்தேகம் பிளேயர் மேல். சாவியை அணைத்து, ஆர்சிஏ ஒயர்களைப் பிளேயரின் பின்னால் கழற்றுங்கள். மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு பின்னைப் பிளேயரின் உலோக உடம்பிலும் இன்னொன்றை ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்திலும் வையுங்கள். பெரும்பாலான பிளேயர்களில் பீப் வர வேண்டும்.

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
பீப் வரல. எந்த சாக்கெட்லயும் வரல.

நெகட்டிவ் முனை
எதிர்பார்த்ததுதான். ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் பிளேயர் எர்த்துக்கும் இடையே போர்டில் மெல்லிய ஒரு தடமோ, கடுகளவு ஃபியூஸோ இருக்கும். பெரும்பாலும் நடப்பது இது: ஆம்ப்பின் எர்த் மோசமாக இருக்கும்போது, ஆம்ப் இழுக்கும் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். ஆர்சிஏவின் வெளிச்சுற்று அதற்குக் கிடைத்த வழி. அந்த மெல்லிய தடம் அந்தக் கரண்ட்டைத் தாங்காது, எரிந்துவிடும். ஆம்ப் ஓடும்போது ஆர்சிஏவைச் செருகினாலும் எரியும். எரிந்த பிறகு சிக்னலுக்குச் சரியான எர்த் இல்லை, ஆகவே எர்த்தைச் சரிசெய்த பிறகும் சத்தம் மிச்சம் இருக்கிறது.

உறுதி செய்ய: ஆர்சிஏவை மறுபடி மாட்டி, ஒரு வெறும் ஒயரை அதன் வெளி வளையத்தில் சுற்றி, மறுமுனையைப் பிளேயர் உடம்பில் ஒரு திருகில் மாட்டுங்கள். இன்ஜினைப் போடுங்கள்.

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
அண்ணே!!! நிசப்தம். வால்யூமை முக்கால் வரைக்கும் ஏத்திப் பாட்டை நிறுத்திக் கேட்டேன், இன்ஜின் சத்தம் இன்ஜின்லேர்ந்து மட்டும்தான் வருது.

சென்னை பழைய கார்
அந்தச் சுத்தின ஒயரை நிரந்தரமாக்கிடாதீங்க, ஆட்டத்துல கழண்டுடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் (எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெரு) மாதிரி இடத்துல போர்டு வேலை பாக்கிறவங்க அந்தத் தடத்தை மறுபடி போட்டுத் தருவாங்க. மதுரையிலயும் ஆள் கிடைப்பாங்க.

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
சரிங்க. இப்ப "டப்"புக்கு வருவோம்.

தாமிரபரணி
ஆம்ப்போட ரிமோட் ஒயர் (ஆம்ப்பை ஆன் பண்ற ஒயர்) எங்கேர்ந்து வருது? சாவி போட்டா கரண்ட் வர்ற ஏசிசி ஒயர்ல சேத்திருப்பாங்க. ஆண்ட்ராய்டு பிளேயர் எழுந்திரிக்க நேரம் எடுக்கும். ஆம்ப் அதுக்கு முன்னாடியே முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். பிளேயர் எழும்போதும் படுக்கும்போதும் அனுப்புற குத்து அப்படியே வூஃபருக்குப் போகும். பிளேயர் ஹார்னஸ்ல ஆம்ப் கன்ட்ரோல்னு எழுதின ஒயர், நிறைய பேருக்கு நீலம்-வெள்ளை, அதுல மாத்துங்க.

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
ஏசிசியிலதான் இருந்துச்சு. மாத்தினேன். டப் போச்சு.

மூணாவது "கர்ர்". இதுல ஒரு சிக்கல், உறுமி வர்ற பாட்டுலதான் அதிகமா கேக்குது. உறுமியா, பெட்டியான்னே தெரியல.

பேஸ் பாண்டி
இதுல நான் கெட்டிக்காரன், வழி விடுங்க. முதல்ல வூஃபர் உடம்பு சரியான்னு பாக்கணும். எல்லாத்தையும் அணைச்சுட்டு, கோனோட ரெண்டு பக்கமும் விரலை வச்சு சமமா மெதுவா அமுக்குங்க. சுரண்டுற சத்தம் வந்தா காயில் உரசுது. வரலன்னா வூஃபர் நல்லவன். 4 ஓம் வூஃபர்னா மீட்டர்ல மூணு, மூணரை காட்டும், அது சரிதான்.

அப்புறம் போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 30-லேர்ந்து 80 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏத்துங்க. ஒரு இடத்துல கர்ர் வரும். அங்கயே நிறுத்திட்டு, ஒருத்தரை வெளிய நிக்க வச்சு, நம்பர் பிளேட், டிக்கிக் கதவு பேனல், பார்சல் டிரே, பிரேக் லைட் கவர், ஸ்டெப்னி மேல இருக்கிற ஜாக்கி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அமுக்கச் சொல்லுங்க. எதை அமுக்கினா நிக்குதோ அதுதான் ஆசாமி.

"புஸ் புஸ்"னு காத்து சத்தம்னா அது போர்ட். சின்ன போர்ட்ல காத்து வேகமா போகும்போது வரும், நொடிக்கு 17 மீட்டருக்கு மேல போகாம பாத்துக்கணும்பாங்க. விசில் மாதிரி வந்தா பெட்டி எங்கயோ லீக், வூஃபர் திருகெல்லாம் முறுக்குங்க.

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்
பாண்டி அண்ணே, காயில் உரசல. 43 ஹெர்ட்ஸ்ல பிடிச்சேன். நம்பர் பிளேட்டும் பார்சல் டிரேயும் சேர்ந்து கச்சேரி. பிளேட்டுக்குப் பின்னாடி ஃபோம் டேப், டிரே கொக்கியில ரப்பர். போச்சு. டிக்கிக் கதவுக்கு பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்குற ஷீட்) ஒட்டலாமா?

பேஸ் பாண்டி
ஒட்டுங்க. ஆனா கதவு முழுக்க மெழுக வேண்டியதில்ல, விரல் முட்டினா தகரம் மாதிரி கேக்கிற இடத்துல மட்டும் போதும். கதவு கனமானா அதைத் தூக்கிப் பிடிக்கிற கேஸ் ஸ்டிரட் தூக்காது.

ஈரோடு பெட்ரோல்
நடுவுல புகுந்துக்கிறேன். என்னுது புது பெட்ரோல் வண்டி, கம்பெனி டச் ஸ்கிரீனை மாத்தல. லைன் அவுட் கன்வர்ட்டர் (ஸ்பீக்கர் ஒயர் சிக்னலை ஆர்சிஏ சிக்னலா மாத்துறது) வழியா மோனோ ஆம்ப். எனக்கும் லேசா உய்ங். எர்த்தை நேரா பேட்டரி மைனஸ்ல கொண்டு போய்க் குடுத்தா நல்லதா?

நெகட்டிவ் முனை
பேட்டரி மைனஸ் முனையில் சின்னதாக ஒரு கருப்புப் பெட்டி, அதிலிருந்து மெல்லிய ஒயர் போகிறதா பாருங்கள். அது பேட்டரி சென்சார். அதைத் தாண்டி நேராக முனையில் எர்த் கொடுத்தால் ஆம்ப் இழுப்பது சென்சாருக்குத் தெரியாது. சார்ஜிங் கணக்கு, ஆட்டோ ஸ்டாப் எல்லாம் குழம்பும். பாடியில் கொடுங்கள்.

கம்பெனி ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் மைனஸ் ஒயர் எர்த் கிடையாது. பிளஸ், மைனஸ் இரண்டிலும் பாதி வோல்ட், அதாவது 6 வோல்ட் அளவு டிசி நிற்கும். கன்வர்ட்டர் போட்டவர் அதை எர்த்தோடு சேர்த்திருந்தால் சத்தம் மட்டும் இல்லை, ஸ்டீரியோவே போகலாம்.

தாமிரபரணி
கன்வர்ட்டரோட எர்த்தையும் ஆம்ப் எர்த்தையும் ஒரே போல்ட்ல மாட்டிப் பாருங்க. அதுக்கு முன்னாடி 50 ஹெர்ட்ஸ் டோன் விட்டு எர்த் வோல்ட்டை அளந்து இங்க போடுங்க. மஞ்சள் மீட்டர்னா டிசி ரேஞ்ச்ல வைங்க.